நல்லதங்காளும் நீதிமன்றமும்: மலையகத்திலிருந்து ஒரு திறனாய்வு

1

நாட்டார் இலக்கியம் பற்றி எழுதுவோர் நல்லதங்காள் கதையை அவலச்சுவைக்கு எடுத்துக்காட்டாகக் காட்டிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். பஞ்சம், பசி, பிறந்தகத்தின் வாசல், அடைக்கப்பட்ட கதவு, ஏழு பிள்ளைகள், ஒரு கிணறு என்னும் அளவில் அக்கதையின் சுருக்கமும் அதன் மீதான விமரிசனமும் ஒருங்கே முடிந்துவிடுகின்றன. கேட்டவர் கண்ணீர் உகுத்தனர் என்பதே கதையின் வெற்றியாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின் அக்கண்ணீருக்கு அப்பால் அக்கதை எழுப்பும் வினா ஒன்றுண்டு. ஏழு உயிர்களைப் பறித்த ஒருத்தியைத் தமிழ்ச் சமூகம் ஏன் கொலையாளி என்று அழைக்கவில்லை? அவள் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்ட அஞ்சிய அதே சமூகம், அவள் கதையை ஏன் தலைமுறை தலைமுறையாகப் பாடிக் காத்தது?

இவ்வினாவை இலக்கிய மாணவர் கேட்பதற்கு முன்னரே நீதிமன்றம் ஒன்று கேட்டுவிட்டது. 1989ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. கணவனின் கொடுமை தாங்காத தாயொருத்தி தன் பிள்ளைகளுடன் கிணற்றிற் குதித்தாள். பிள்ளைகள் இறந்தனர், அவள் உயிர் தப்பினாள், கொலைக் குற்றம் சாட்டப்பட்டு நின்றாள். திடீரென மூளும் ஆத்திரத்தை மட்டுமன்றி, நெடுங்காலம் இடையறாது தொடர்ந்துவந்த ஆத்திரமூட்டலையும் சட்டம் கருத்திற் கொள்ள இடமுண்டு என அந்நீதிமன்றம் கருதியது. அத்தகைய பெண்ணின் மனநிலைக்கு நல்லதங்காளின் பெயரையே அது சூட்டியது. சந்தையில் மலிவு விலைக்கு விற்கப்பட்ட பெரிய எழுத்துக் கதையொன்று கொலைச் சட்டத்தின் கலைச்சொல்லாக மாறிய நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியை மலையகத்தில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். தண்டனை வழங்கலில் ஆணும் பெண்ணும் சமம் என்பதற்கு உண்மைப் பொருள் யாது, உயிர்த்தண்டனைக்கு உள்ளாகக்கூடிய ஒருவருக்காக வாதாடுதல் என்பது எதனைச் செய்தல் ஆகும் என்னும் இரு வினாக்களையும் நமது இலக்கியங்களைத் துணைகொண்டு ஆராய முற்படுகிறோம். மலையகத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் எண்ணற்ற குடும்பங்களைக் கடல் கடக்கச் செய்தது. அவர்களுட் பலர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலையேறினர். பஞ்சத்தால் ஊர் நீங்கிய பெண்ணின் கதை ஹற்றனிலும் நுவரெலியாவிலும் வாழ்ந்த அம்மக்களுக்குப் பிறர் கதையன்று.

2

முதலிற் கதையைக் கதையாகவே நோக்குவோம். நல்லதங்காள் செல்வ வீட்டிற் பிறந்து காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். மழை பொய்த்து நாடு பஞ்சத்தில் ஆழ்கின்றது. ஏழு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உடன்பிறந்தான் நல்லதம்பியின் வீட்டுக்கு வருகின்றாள். அவன் வேட்டைக்குச் சென்றிருக்கின்றான். அவன் மனைவி மூளி அலங்காரி கதவை அடைக்கின்றாள். திறந்த பின்னரும் பிள்ளைகளின் பசியை ஆற்ற மறுக்கின்றாள். எரியாத ஈர விறகும் ஒழுகும் பானையும் கொடுத்துச் சமைக்கச் சொல்கின்றாள். அவமானமும் பசியும் ஒருசேர வாட்ட, நல்லதங்காள் பாழுங்கிணற்றை நாடுகின்றாள்.

இக்கதையின் கட்டமைப்பில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கிணற்றங்கரைக் காட்சி கதையின் இறுதிப் பகுதியிலேயே வருகின்றது. அதற்கு முன் நெடுந்தூரம் நாம் அவளோடு நடக்கின்றோம். பஞ்சத்தின் ஒவ்வோராண்டும், விற்ற ஒவ்வொரு பொருளும், வழியில் அழுத ஒவ்வொரு பிள்ளையும் நமக்குச் சொல்லப்படுகின்றன. கதை கேட்பவன் அச்செயலைத் தனியே காண்பதில்லை; நெடிய வழியின் முடிவாகவே காண்கின்றான். தப்பியோட முயன்ற மூத்த மகனையும் அவள் விடவில்லை என்பதைக் கதை மறைக்கவுமில்லை. செயலின் கொடுமையை முழுமையாகச் சொல்லி, அச்செயலுக்கு வந்துசேர்ந்த வழியையும் முழுமையாகச் சொல்லுதல் என்னும் இவ்விரட்டைக் கடமையைப் பெயரறியாக் கதைஞன் நிறைவேற்றினான். உயிர்த்தண்டனை வழக்கொன்றில் எதிரிக்காகத் தோன்றும் சட்டத்தரணி செய்ய வேண்டிய பணியும் இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆனால் இக்கதைக்கு மற்றொரு முகமும் உண்டு. பரவலாக வழங்கும் வடிவங்களில், திரும்பிவந்த நல்லதம்பி தன் மனைவிக்கு மரணத்தையே தண்டனையாக விதிக்கின்றான். பின் தானும் மாள்கின்றான். அலங்காரியின் வாயிலிருந்து ஒரு நியாயமும் வருவதில்லை. பஞ்ச காலத்து வீடொன்றில் நெல்லின் அளவை அறிந்தவள் அவள். ஆயினும் அவளை விசாரிப்பார் இல்லை. குடும்பத்தைக் காக்கத் தவறிய காசிராசனுக்குத் தண்டனை இல்லை. குடிகளைக் காக்கத் தவறிய அரசுக்கும் தண்டனை இல்லை. பஞ்சத்தின் பழி முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் இறங்குகின்றது. ஒருத்தியின் துன்பத்துக்கு ஏழு பிள்ளைகளின் சாவையும் மீறி இரங்கும் கதை, மற்றொருத்திக்கு ஒரு சொல்லும் பேச இடந்தரவில்லை. 'நல்ல' என்பது ஒருத்தியின் பெயரிலும் 'மூளி' என்பது மற்றவளின் பெயரிலும் ஒட்டியிருப்பது தற்செயலன்று. தீர்ப்பு விசாரணைக்கு முன்னரே பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

ஆகவே, பெண்ணுக்கு இரங்குதல் வேறு, பெண்ணுக்கு நீதி வழங்குதல் வேறு. முன்னையது நல்லவள் என்று சமூகம் ஒப்புக்கொண்டவளுக்கே கிட்டும். பின்னையது அலங்காரிக்கும் கிட்டவேண்டும்.

3

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு சட்டத்தை நோக்குவோம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. இந்தியச் சட்டக்கோவையைத் தழுவியதெனினும் ஒரு முக்கிய இடத்தில் அதனின்று வேறுபடுகின்றது. இந்தியாவில் கொலைக்கு மரணமோ ஆயுட்சிறையோ விதிக்கலாம். 1980இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளிலேயே மரண தண்டனை விதிக்கப்படலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 1983இல் மித்து வழக்கில், கட்டாய மரண தண்டனை விதித்த ஒரு பிரிவையே செல்லாதென்றது. இலங்கையிலோ 296ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம் ஒன்றே. கொலை என்ற தீர்ப்பு வந்தபின் நீதிபதிக்குத் தெரிவு இல்லை. எதிரியின் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டு எடைபோடுவதற்குச் சட்டம் அவருக்குப் பணியொன்றும் வைக்கவில்லை.

ஆண், பெண் இருபாலாருக்கும் இப்பிரிவு ஒன்றே. எனவே சமத்துவம் உள்ளது என்று ஒருவர் வாதிடலாம். அன்றியும் சட்டம் பெண்ணுக்குச் சில சலுகைகளை வழங்கியுள்ளது எனவும் காட்டலாம். கருவுற்ற பெண்ணுக்கு மரண தண்டனை விதிக்கப்படுவதில்லை, சிறைத்தண்டனையே விதிக்கப்படும். கசையடி நடைமுறையில் இருந்த காலத்திலும் பெண்ணுக்கு அது விலக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு மாதங்களுக்குக் குறைந்த தன் குழந்தையை, மகப்பேற்றினால் மனங்குலைந்த நிலையிற் கொன்ற தாயின் செயல், 294ஆம் பிரிவின் ஐந்தாம் விதிவிலக்கினால் கொலையினின்றும் நீக்கப்படுகின்றது.

இச்சலுகைகள் வேண்டாதன அல்ல. ஆயின் இவற்றின் இயல்பை நோக்குக. ஒவ்வொன்றும் பெண்ணின் உடலையும் மகப்பேற்றையும் பற்றியது. அவள் அனுபவித்த அநீதியை இவற்றுள் எதுவும் கருதவில்லை. நல்லதங்காளை இச்சட்டத்தின் முன் நிறுத்திப் பாருங்கள். ஏழு பிள்ளைகளுள் கைக்குழந்தை ஒன்றிருப்பின், அதன் பொருட்டு மட்டும் ஐந்தாம் விதிவிலக்கை அவள் நாடலாம். ஏனைய பிள்ளைகளின் பொருட்டு அவள் கொலையாளியே. பஞ்சமும் பசியும் அவமானமும் சட்டத்தின் ஏட்டில் இல்லை.

எஞ்சியிருப்பது முதலாம் விதிவிலக்காகிய ஆத்திரமூட்டல். கடுமையானதும் திடீரென ஏற்பட்டதுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து, ஆத்திரமூட்டியவரைக் கொன்றால் அது கொலையாகாது, குறைந்த குற்றமாகும். 'திடீரென' என்ற சொல்லிலேயே இங்கு முழுச் சிக்கலும் அடங்கியுள்ளது. இச்சொல் யாருடைய கோபத்தை அளவுகோலாகக் கொண்டது? மதுக்கடையில் இகழப்பட்டவன், மனைவியை மற்றொருவனுடன் கண்டவன் ஆகியோரது கோபமே ஆங்கிலச் சட்டம் தன் மனக்கண்ணிற் கண்ட கோபம். அக்கோபத்துக்குக் கையும் வலிமையும் அருகிலேயே உண்டு. ஆண்டுக்கணக்காக அடிபட்டவளின் கோபம் அவ்வாறு வெளிப்படுவதில்லை. எதிர்த்தால் இன்னும் அடி விழும் என்பதை அவள் கற்றிருக்கின்றாள். அவள் கை ஓங்கும்போது அவன் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். அவ்விடைவெளியைக் கண்டு, 'ஆறியிருக்க வேண்டிய கோபம். எனவே திட்டமிட்ட கொலை' என்று சட்டம் முடிவுகட்டுகின்றது. ஒரே சொல், ஒரே அளவுகோல், ஒரே பிரிவு. விளைவோ ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறொன்றாகவும் அமைகின்றது.

இது வெறும் ஊகமன்று. 1955இல் இங்கிலாந்தில் தன் காதலனைச் சுட்ட றூத் எலிஸ் என்னும் பெண், அவனிடம் பலமுறை அடிபட்டவள். ஆத்திரமூட்டல் என்னும் வாதத்தை யூரர் முன் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என நீதிபதி தீர்மானித்தார். அவ்வாண்டு ஜூலை 13ஆம் நாள் அவள் தூக்கிலிடப்பட்டாள். அந்நாட்டில் தூக்கிலேறிய இறுதிப் பெண் அவளே. கணவனின் கொடுமைக்குப் பல ஆண்டுகள் உள்ளாகி, 1989இல் அவன் உறங்குகையில் தீயிட்ட கிரண்ஜித் அலுவாலியா என்னும் பஞ்சாபியப் பெண்ணுக்கு முதலில் கொலைக்குரிய ஆயுட்சிறையே விதிக்கப்பட்டது. 1992இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் 'திடீரென' என்னும் நிபந்தனையை இங்கிலாந்து கைவிட்டது. 2013இல் அஸ்ஸாமின் குவாகாத்தி உயர் நீதிமன்றமும், அடிபட்டு வாழ்ந்த மனைவியின் மனநிலையைக் கருத்திற் கொண்டு கொலைத் தீர்ப்பொன்றைக் குறைத்தது. இலங்கை நீதிமன்றங்களும் சில தீர்ப்புகளில், இறுதிக் கணத்தை மட்டுமன்றி அதற்கு முந்திய நிகழ்ச்சிகளையும் சேர்த்து நோக்கியதுண்டு. எனினும் சட்டக்கோவையில் அச்சொல் மாறவில்லை.

4

தோட்டத்துப் பெண்ணின் நிலையை இப்போது நோக்குவோம். 1984ஆம் ஆண்டில் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்ற நிலை ஏற்பட்டது. அது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன்பின் பெண்ணின் நாள் சமமாயிற்றா? விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்களத்தில் நின்று, மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்து, மாலையில் விறகுச் சுமையுடன் லயத்துக்கு மீள்பவள் அவள். ஆண்களுக்குரிய வேலை பல தோட்டங்களில் நண்பகலுக்குப் பின் சற்றே முடிந்துவிடும். மனைவியின் சம்பளத்தைக் கணவனே பெற்றுக்கொள்ளும் வழக்கமும் நெடுங்காலம் நிலவியது. சமம் என்ற சொல் சம்பளப் பட்டியலில் ஏறியதனால் வாழ்வு சமமாகிவிடவில்லை. 296ஆம் பிரிவின் சமத்துவமும் இத்தகையதே.

லயத்தின் அமைப்பும் இங்கு கருதத்தக்கது. ஒரே கூரையின் கீழ் நிரையாக அமைந்த சிறு காம்பராக்களில் ஒரு வீட்டின் சத்தம் மறு வீட்டுக்குக் கேட்கும். அடி விழுவதை அயலார் அறிவர்; ஆயினும் அது குடும்ப விவகாரம் என்று விலகிக்கொள்வர். வீடு தோட்டத்துக்குரியது, வேலையோடு பிணைந்தது. கணவனை விட்டு நீங்குபவள் கூரையை விட்டும் நீங்க நேரும். பிறந்தகம் வேறொரு தோட்டத்தின் மற்றொரு லயக் காம்பரா; அங்கும் இடமில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை பெற வழிசெய்துள்ளது. ஆனால் நீதிமன்றம் நகரில் உள்ளது. அங்கு செல்லும் நாளில் சம்பளம் இல்லை. திரும்பிவரும் இடம் அதே காம்பராதான். 'ஏன் வெளியேறவில்லை?' என்று கூண்டில் நிற்பவளிடம் கேட்கப்படும் வினாவுக்கு மலையகத்தின் நிலவமைப்பே விடையாகும். அவ்விடையை நீதிமன்றத்துக்கு எடுத்துரைப்பவர் யார்?

மொழியும் இங்கு வந்து சேர்கின்றது. இதனைத் தமிழ் மாணவரே நன்குணர்வர். நமது பேச்சில் 'குடிச்சிட்டு வந்து அடிப்பார்' என்று ஒருத்தி கூறினால், இலக்கணத்தில் அது எதிர்கால வினைமுற்றாகத் தோன்றும். பொருளோ, வழமையாக நிகழ்ந்துவந்த செயல். எத்தனை ஆண்டு, எத்தனை இரவு என்னும் கணக்கை அந்த ஒரு விகுதி சுமந்து நிற்கின்றது. நீதிமன்ற உரைபெயர்ப்பாளர் அதனை 'அடித்தார்' என்று மாற்றிவிட்டால் ஒரு நாளின் ஓர் அடி மட்டுமே ஏட்டில் ஏறும். பத்தாண்டு வாழ்க்கை ஒரு சம்பவமாகச் சுருங்கும். உரைபெயர்ப்பாளரிடம் தீய நோக்கு இருக்கவேண்டியதில்லை, அவசரம் போதும். அவரது குறிப்பையே நீதிபதி நோக்குகின்றார். மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனையே படிக்கின்றது. அன்றியும் நம் பெண்கள் தம் துயரை நேரே சொல்லிப் பழகியவர் அல்லர். ஒப்பாரியில் அதனை அடுக்கிச் சொல்வர். கேள்விக்கு விடையாகச் சொல்லும்படி கேட்டால் தலை கவிழ்ந்து நிற்பர். அந்த மௌனம் குற்ற உணர்வாகக் கொள்ளப்படும் ஆபத்து உண்டு.

5

எதிரிக்காக வாதாடுதல் என்ற வினாவுக்கு இப்போது வருவோம். தமிழில் இவ்வினாவை முதன்முதல் பெருங்காப்பியமாக்கியவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வீரத்தின் காட்சியாகவும் கற்பின் காட்சியாகவும் பலர் விளக்கியுள்ளனர். அதனை உயிர்த்தண்டனை வழக்கொன்றின் மேன்முறையீடாக நோக்குதல் பயன்தரும். கோவலன் மீது குற்றம் சாட்டியவன் பொற்கொல்லன், அவனே சாட்சி, அவனே உண்மைக் கள்வன். அரசனோ அரசியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில் இருக்கின்றான். எதிரியைக் கேளாமலே தண்டனை பிறக்கின்றது. கண்ணகி அவைக்கு வரும்போது கொண்டுவருவது கண்ணீரை மட்டுமன்று. ஒற்றைச் சிலம்பையும் கொண்டுவருகின்றாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்னும் வேறுபாட்டை அவள் சான்றாக நிறுவுகின்றாள். முறையான வாதம் அது. குறையேதும் அதில் இல்லை. வாதம் வென்றது, எதிரியோ ஏற்கெனவே இறந்துவிட்டான். மரண தண்டனைக்கு எதிரான வாதங்களுள் இதனினும் வலியது ஒன்றில்லை.

ஆனால் காப்பியம் இத்துடன் நிற்கவில்லை. மதுரையை எரிக்கும் கண்ணகி, அந்தணர், அறவோர், பசுக்கள், கற்புடைய மகளிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விலக்கித் தீயோரையே பற்றுமாறு தீக்கடவுளைப் பணிக்கின்றாள். விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவனுக்காக வாதாடியவள், விசாரணையின்றியே ஒரு நகரைத் தண்டிக்கின்றாள். பெண்களுள் விலக்குப் பெறுபவர் கற்புடையார் மட்டுமே. குற்றவியலாளர் ஒட்டோ பொலக் 1950இல் எழுதிய நூலில், பெண்ணிடம் நீதித்துறை பெருந்தன்மை காட்டுகின்றது என்று வாதிட்டார். அப்பெருந்தன்மை நல்ல மனைவி, நல்ல தாய் என்னும் உருவத்துக்குப் பொருந்துவோருக்கே கிட்டுகின்றது என்றும், பொருந்தாதவளுக்கு ஆணினும் கடிய தண்டனை நேரலாம் என்றும் பின்வந்தோர் சுட்டினர். மதுரையில் தீயின் எல்லையை வகுத்த விதியும் அதுவே. நல்லதங்காளும் அலங்காரியும் மீண்டும் நம் கண்முன் தோன்றுகின்றனர்.

மலையக வரலாற்றுக்குத் திரும்புவோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அதனை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் முன், அவருடைய விதவையின் சார்பிற் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். தோட்டத்துப் பெண்ணொருத்தி, கொல்லப்பட்ட கணவனின் பொருட்டு, நாட்டின் தலைசிறந்த சட்டத்தரணி ஒருவரின் வாயிலாக அதிகாரத்தை வினவிய நிகழ்ச்சி அது. கண்ணகியின் வழக்கோடு ஒப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டு, 1941 மே மாதத்தில், புசல்லாவைக்கு அண்மையிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்தின் துரை போப் கொல்லப்பட்டார். தோட்டத்தில் நிலவிய கடுமையான தொழிற் பிணக்கு அதற்குப் பின்னணியாய் அமைந்தது. வீராசாமி, வேலாய்தன் என்னும் இரு தொழிலாளர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு 1942இல் கண்டியிலிருந்த போகம்பரைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். ஒரு மனிதர் கொல்லப்பட்டார்; அதனை நியாயப்படுத்துதல் நம் நோக்கமன்று. கொலை என்ற தீர்ப்புக்குப் பின் அவர்களது வாழ்க்கை பற்றிக் கேட்பதற்குச் சட்டம் வைத்திருந்த இடம் எது என்பதே நம் வினா. 1883ஆம் ஆண்டுச் சட்டத்தில் அத்தகைய இடம் எதுவும் இல்லை.

இங்கு ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பெண்ணின் நெடுந்துன்பத்தைக் கணக்கிற் கொள்ளல் அவளுக்குத் தனிச்சலுகை வழங்குவதாகாதா, அது சமத்துவத்துக்கு முரணாகாதா என்று கேட்பர். 'அவள் பெண்; ஆகவே மன்னிப்போம்' என்பது நம் கோரிக்கையாயின் இம்மறுப்பு வலுவுடையதே. நம் கோரிக்கை அதுவன்று. செயலுக்கு முந்திய வாழ்க்கையைக் கேட்கவேண்டும் என்னும் நெறி பெண்ணின் வழக்கினால் வெளிச்சமானது. அதன் பயன் ஆணுக்கும் உரியது. வீராசாமிக்கும் வேலாய்தனுக்கும் கேட்கப்படாத வினா, கணவனைக் கொன்ற லயத்துப் பெண்ணுக்கும் கேட்கப்படுவதில்லை. கட்டாய மரண தண்டனையின் கீழ் இருபாலாரும் சமமாக ஊமையராகின்றனர். நாம் வேண்டுவது இருபாலாரும் சமமாகக் கேட்கப்படும் நிலையாகும்.

6

இலங்கையில் இறுதியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976ஆம் ஆண்டில். எனவே இவ்வாராய்ச்சி வீண் என்று சிலர் கருதலாம். வரலாறு வேறு பாடம் புகட்டுகின்றது. 1958இல் மரண தண்டனை சட்டத்தால் இடைநிறுத்தப்பட்டது. பேராசிரியர் நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு 1959இல் அத்தண்டனைக்கு எதிராகவே அறிக்கை சமர்ப்பித்தது. ஆயின் அதே ஆண்டில் பிரதமர் பண்டாரநாயக்கா கொலையுண்டதும் தண்டனை மீண்டது; 1962இல் சோமாராமர் தூக்கிலேறினார். அவ்வாறே, நாற்பதாண்டுகளுக்கு மேலாகத் தூக்குமேடை ஓய்ந்திருந்த நிலையில், 2019 ஜூனில் அன்றைய ஜனாதிபதி நால்வரின் தண்டனையை நிறைவேற்ற ஒப்பமிட்டதாக அறிவித்தார். உயர் நீதிமன்றமே இடைநிறுத்தியது. தண்டனை நிறைவேறாவிடினும் விதிக்கப்படுகின்றது. அவ்வாறு விதிக்கப்பட்டுச் சிறையில் இருப்போருள் பெண்களும் உளர். நாட்டின் மனநிலை மாறும் ஒரு நாளில் அவ்வேடுகள் மீண்டும் திறக்கப்படலாம். அப்போது ஏட்டில் எழுதப்படாத வாழ்க்கை எவருக்கும் உதவாது.

நீதிமன்றத்தின் கடமை ஒருபுறமிருக்க, நம்மைச் சார்ந்த கடமையும் உண்டு. சட்டத்தரணியை அமர்த்த வசதியற்ற எதிரிக்கு மேல் நீதிமன்றம் சட்டத்தரணி ஒருவரை ஒதுக்குகின்றது. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சட்ட உதவி ஆணைக்குழுவும் இயங்குகின்றது. ஆனால் ஒதுக்கப்பட்ட சட்டத்தரணி ஒரு கோப்பை மட்டுமே பெறுகின்றார்; வாழ்க்கையைப் பெறுவதில்லை. லயத்துக்குச் சென்று அயல் வீட்டாரைக் கேட்கவும், தோட்ட வைத்தியசாலைக் குறிப்பேட்டிற் பழைய காயங்களைத் தேடவும், அவள் சொன்ன சொல்லின் விகுதியைக் காத்து மொழிபெயர்க்கவும் மொழியறிந்தோர் தேவை. தமிழ் பயிலும் மாணவரும் சட்டம் பயிலும் மாணவரும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவரையொருவர் அறியாது பிரிந்து செல்கின்றனர். நாட்டார் பாடலைத் தொகுக்கும் கை வாக்குமூலத்தையும் பதிவு செய்யலாம். ஒப்பாரியின் அடுக்கைப் பொருள்கொள்ளக் கற்றவர், கூண்டில் நிற்பவளின் மௌனத்தையும் பொருள்கொள்ள உதவலாம்.

நல்லதங்காள் கதையைப் பாடியவன் அவளை விடுதலை செய்யவில்லை, கிணற்றையும் மறைக்கவில்லை. கிணறு வரை நம்மை அவளுடன் நடக்கவைத்தான். சென்னையின் நீதிபதிகள் அவ்வழியே சற்றுத் தூரம் நடந்து பார்த்தனர். ஆனால் கதைஞன் அலங்காரியின் வாசலில் நின்றுவிட்டான். உள்ளே சென்று அவளைக் கேட்கவில்லை. நமது திறனாய்வு அங்கிருந்து தொடங்கவேண்டும். நல்லவள் என்று நாம் அழாத பெண்ணுக்கும், நல்லவன் என்று எவரும் பாடாத ஆணுக்கும், தீர்ப்புக்கு முன் ஒருமுறை முழுமையாகப் பேச இடமளிக்கும் நாளிலேயே தண்டனைச் சட்டத்தில் சமத்துவம் என்னும் சொல் பொருள் பெறும்.